'டக்' என்றது யார்?

'டக்.'

அவ்வளவுதான். பத்து விநாடி சும்மா. அப்புறம் இன்னொரு 'டக்'. கேரம் போர்டில் காயும் காயும் தொட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம்.

நான் வேலை பார்ப்பது ஆம்பூரில், ஷூ ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், டாக்குமென்டேஷன் செக்‌ஷன். அதாவது ஷூ எப்படித் தைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்வாய்ஸில் ஒரு ஜோடி குறைந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். எங்கள் சாப்பாட்டு ரூம் ஜன்னலுக்கு வெளியே ஒரு காம்பவுண்டு சுவர். சுவரைத் தாண்டினால் ஏரிக்குப் போகிற கால்வாய். அதன் கரை முழுக்க சம்பு, கோரை, வேலிக்காத்தான். அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் அந்தப் புதருக்குள்ளிருந்துதான் இந்த 'டக்'.

"கம்ப்ரஸர்ல ஏதோ லீக்கு" என்றார் மெயின்டனன்ஸ்.

"பல்லி" என்றார் அக்கவுன்ட்ஸ், தயிர் சாதத்திலிருந்து தலை தூக்காமல்.

"குருவி மாதிரி இருக்கே" என்று நான் வாயைத் திறந்தேன். அன்றோடு போச்சு. மறுநாளிலிருந்து ஆபீஸில் என் பெயர் குருவி.

சரி, பெயர்தான் வந்துவிட்டதே, அந்தக் குருவி யார் என்று பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தபோது ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். கால்வாயைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். இரண்டு கரையையும் ஜேசிபி வைத்து வழித்து எடுத்துவிடுவார்களாம். மழை ஆரம்பித்த பிறகு கால்வாயைத் தூர் வாருவது நம் மரபு என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் அடைத்துக்கிடக்கிற கால்வாயைப் பார்த்து சும்மா இருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் மெதுவாகச் சொன்னேன்: "சார், அந்தப் புதர்ல குருவி இருக்கு."

"என்ன குருவி?"

"பழுப்பா, சின்னதா..."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பழுப்பா சின்னதானு எழுதி ஃபைல் போட முடியுமா சார்? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன். அடுத்த மாசம் முதல் வாரம் மெஷின் வருது."

நியாயமான கேள்வி. பேரும் விலாசமும் இல்லாதவனுக்கு ரேஷன் கார்டே கிடையாது. குருவிக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

முதலில் செல்போனை நம்பினேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 'மெர்லின்' என்று ஓர் ஆப் இலவசமாகத் தருகிறது. பறவைச் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஜன்னல் பக்கம் நீட்டினேன். ஜெனரேட்டர் ஓடியது. கேன்டீனில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். ஆப் நீண்ட யோசனைக்குப் பிறகு 'காகம்' என்றது. காகமும் இருந்தது. பொய் சொல்லவில்லை.

அடுத்து புத்தகம். சலீம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகத்தை (முதல் பதிப்பு 1941) ஒரு நண்பரிடம் கடன் வாங்கினேன். மயில், மரங்கொத்தி, மீன்கொத்தி எல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்த சித்திகள் மாதிரி ஜொலிக்கின்றன. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஆனால் கதிர்க்குருவிகள் பக்கத்துக்கு வந்தால், ஐயோ! எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது. மேலே பழுப்பு, கீழே கொஞ்சம் கம்மிப் பழுப்பு. எங்கள் ஆபீஸ் பியூன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம் கொடுத்து முதுகைக் காட்டி நிற்க வைத்த மாதிரி.

பைனாகுலரும் கடன்தான். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து சுவரோரம் நின்றதில் மொத்தம் நான்கு விநாடி தரிசனம் கிடைத்தது. நோட்டில் எழுதினேன்: 'பழுப்பு. சின்னது. போய்விட்டது.'

அந்த நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தவர் பாய்.

பாய் எங்கள் செலக்‌ஷன் செக்‌ஷன். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். லெதர் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாகப் புரட்டி, இது முதல் கிரேடு, இது மூணாவது, இது உள் லைனிங்குக்கு மட்டும் என்று பிரித்துப் போடுவார். ஒரு துண்டுக்கு ஐந்து விநாடி கூட எடுக்க மாட்டார். அவர் பிரித்ததை மறுபடி பிரித்துப் பார்த்த வெளிநாட்டு பையர்கள் உண்டு. தப்பு கண்டுபிடித்தவர்கள் இல்லை.

"இன்னா தம்பி, கலரை எழுதி வெச்சிருக்க? கலர் இன்னா கலரு! நாளைக்கே கறுப்பு சாயம் போட்டா கறுப்பு, பிரவுன் போட்டா பிரவுன். ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலானு சாயம் சொல்லாது. கிரெயின் சொல்லும். மயிர்க்கால் எப்படி வரிசையா நிக்குதுனு பாரு. அதை யாரும் மாத்த முடியாது. உன் குருவிக்கும் ஏதோ ஒரு கிரெயின் இருக்கும். அதைப் பாரு."

பிரியாணிக்குக் கூட வராத ஆள் ஒரு நிமிஷத்தில் பாடத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காட்பாடி பாசஞ்சரில் புத்தகத்தை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை படங்களை மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் படித்தேன். சாயத்தை விட்டுவிட்டால், இந்தப் பழுப்புக் குருவிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஆசாமிகள் என்று பச்சக்குப்பம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

முதல் கேள்வி, வால். வாலை நெட்டுக்குத்தலாகத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டினால் அது தையல்சிட்டு அல்லது நம் ஊர்லயே குடியிருக்கிற சாதாக் கதிர்க்குருவி. என் ஆள் வாலை அப்படித் தூக்குவதில்லை.

இரண்டாவது, சைஸ். நாணலில் நம் கொண்டைக்குருவி அளவுக்குப் பெரிதாக, கரகரவென்று ஊரைக் கூட்டினால் அது பெரிய நாணல் கதிர்க்குருவி. என் ஆள் அதில் முக்கால்வாசிகூட இல்லை. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். இரண்டு அஞ்சு ரூபாய் நாணயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, புருவம். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் பட்டையாக, கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடி, அதற்கு மேல் மையிட்ட மாதிரி கறுப்புக் கோடும் இருந்தால் அது வயல் கதிர்க்குருவி. புருவம் அலகிலிருந்து கண் வரை மட்டும் தெரிந்து, அப்புறம் மங்கிப்போனால் வேறு ஆள்.

நான்காவது, முகவெட்டு. தட்டையான நெற்றி, உடம்புக்குக் கொஞ்சம் அதிகப்படியான நீள அலகு. ஐந்தாவதும் முக்கியமானதும், குரல். புதருக்குள்ளிருந்து விட்டுவிட்டு வருகிற, கெட்டியான ஒரு 'டக்'.

ஐந்தையும் பொருத்திப் பார்த்தால் வருகிற பெயர்: பிளித் நாணல் கதிர்க்குருவி. பெயரில்தான் நாணல், நாணல் வேண்டுமென்று அடம்பிடிக்காது. புதர், வேலி, மாந்தோப்பு எதுவானாலும் சம்மதம்.

யார் இந்த பிளித்? எட்வர்ட் பிளித், 1810-ல் பிறந்த ஆங்கிலேயர். லண்டன் பக்கத்தில் மருந்துக்கடை வைத்தார். கடையைக் கவனிக்காமல் பறவையைக் கவனித்ததால் வியாபாரம் படுத்துவிட்டது. 1841-ல் கல்கத்தா வந்து ஏசியாட்டிக் சொஸைட்டி மியூசியத்தில் காப்பாளராகச் சேர்ந்தார். 1849-ல் இந்தக் குருவிக்கு முறைப்படி அறிவியல் பெயர் வைத்தவர் அவர்தான். ஆபீஸ் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற நம் போன்றவர்களுக்கெல்லாம் ஒருவகையில் முன்னோடி.

குருவியின் ஊர் ஆம்பூர் இல்லை. பின்லாந்திலிருந்து ரஷ்யா, சைபீரியா, மத்திய ஆசியா வரை எங்கேயோ முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. ஐரோப்பாவின் குருவிகள் பெரும்பாலும் குளிருக்குப் பயந்து ஆப்பிரிக்கா போகும்போது, இது மட்டும் தென்கிழக்கே திரும்பி நம் இந்தியா, இலங்கை பக்கம் வந்துவிடுகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் வர ஆரம்பித்து, ஏப்ரல் வாக்கில் கிளம்புகிறது. சொந்த ஊரில் இது பெரிய பாடகராம். ராத்திரியில்தான் கச்சேரி, மற்ற பறவைகளின் குரலையெல்லாம் மிமிக்ரி செய்யும். நம்மிடம் வந்தால் மட்டும் 'டக்'. வெளியூரில் வேலை பார்க்கிற எல்லோரும் அப்படித்தானே!

பெயர் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்திருப்பேன். அன்றிரவு படித்த இன்னொரு கதை அடக்கி உட்கார வைத்தது.

1867 நவம்பர். இமாச்சலத்தில் சட்லெஜ் பள்ளத்தாக்கு. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரு பழுப்புக் குருவியைச் சேகரிக்கிறார். ஆமாம், 1885-ல் காங்கிரஸ் கட்சியை ஆரம்பித்த அதே ஹியூம். அவருக்குக் காங்கிரஸுக்கு முன்னால் பறவைப் பைத்தியம். இந்தியப் பறவைகளைப் பற்றி வருஷக்கணக்கில் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதியை, சிம்லாவில் வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் விலைக்கு பஜாரில் போட்டுவிட்டதால் மனம் நொந்து, பல்லாயிரக்கணக்கான பறவை மாதிரிகளை 1885-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். (உங்கள் வீட்டில் பழைய பேப்பர் போடுகிற அன்று ஊரில் இருங்கள்.)

அந்த சட்லெஜ் குருவி, பிளித் குருவி மாதிரியே இருந்தது. ஆனால் அலகு பெரிது. அதே மாதிரி இன்னொன்று யாருக்கும் கிடைக்கவில்லை. 'இது தனி இனமே இல்லை, வேறு ஏதோ குருவி கொஞ்சம் கோணலாகப் பிறந்திருக்கும்' என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 2002-ல் ஸ்டாஃபான் பென்ஷ், டேவிட் பியர்சன் என்ற இருவர் அந்தப் பழைய மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்துவிட்டு, தனி இனமேதான் என்றார்கள். பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி. சரி, உயிரோடு எங்கே?

2006 மார்ச் 27. தாய்லாந்தில் ஃபிலிப் ரவுண்ட் என்ற பறவை ஆய்வாளர் வலை கட்டிக் குருவிகளுக்குக் கால் வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறார். கைக்கு வந்த ஒன்று பொருந்தவில்லை. அலகு நீளம், இறக்கை குட்டை. போட்டோவும் இறகும் ஸ்வீடனுக்கு, பென்ஷிடம் போயின. டி.என்.ஏ. அச்சாக ஒத்துப்போனது. 139 வருஷத்துக்குப் பிறகு உலகத்திலேயே இரண்டாவது!

எங்கே பிடித்தார் தெரியுமா? பெட்சபுரி என்ற ஊரின் சாக்கடைத் தண்ணீரைக் குளம் குளமாக விட்டுச் சுத்தம் செய்கிற நிலையத்தில். தோல் பதனிடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இங்கே கழிவுநீர் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்போம். ஒரு பறவை அதிலிருந்து வெளியே வரும் என்று யாருக்குத் தோன்றும்?

கதை அதோடு முடியவில்லை. அதே வேகத்தில் இங்கிலாந்தில் ட்ரிங் என்ற ஊரிலுள்ள மியூசியத்தின் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார்கள். 1869-ல் இந்தியாவில் பிடித்த இன்னொரு பெரிய அலகுக் குருவி உள்ளே இருந்தது. எந்த இழுப்பறையில்? பிளித் குருவிகளின் இழுப்பறையில்! 2008-க்குள் இப்படி வேறு பெயரில் படுத்திருந்த பத்து மாதிரிகள் அகப்பட்டன. 2008-ல் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பள்ளத்தாக்கில் ராபர்ட் டிம்மின்ஸ் என்பவர் ஒரு பழுப்புக் குருவி பாடுவதைக் கேட்டுச் சந்தேகப்பட்டார். மறு வருஷம் அங்கே வலை கட்டி இருபதுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்துப் பார்த்தார்கள். அதேதான். ஊரிலேயே இல்லை என்று தள்ளிய ஆசாமி குடும்பம் குட்டியோடு சௌக்கியமாக இருந்திருக்கிறார்.

அப்படியானால் என் 'டக்' யார்? மியூசியத்துக்காரர்களே கையில் வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் ஏமாந்திருக்கிறார்கள். நான் நான்கு விநாடி பார்த்தவன். அதுவும் காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து. ஒருவேளை என் சாப்பாட்டு ரூமுக்கு வெளியே உலகப் புகழ்...

பாயிடம் ஓடினேன். பேப்பரில் என் போட்டோ வருகிற அளவுக்குக் கற்பனை வளர்ந்திருந்தது.

அவர் கேட்டார். லெதரைப் புரட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "தம்பி, சந்தேகம் வந்தா மேல் கிரேடுல போடக் கூடாது. கீழ போடு. மேல போட்டா கம்பெனி பேரு போவும். நாளைக்கு நல்ல மால் குடுத்தாலும் நம்ப மாட்டான்."

இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பறவைப் புத்தகத்திலும் இல்லை. அபூர்வமான பறவை என்று சொல்ல வேண்டுமானால், சாதாரணமானது இல்லை என்பதற்கு முதலில் சாட்சி வேண்டும். கையில் பிடித்து, இறக்கையை மில்லிமீட்டரில் அளந்து, முடிந்தால் டி.என்.ஏ. பார்த்து. (பிடிக்கிற வேலையை நீங்கள் செய்யாதீர்கள், அனுமதி இல்லாமல் வலை கட்டினால் வனத்துறை உங்களைப் பிடிக்கும்.) என்னிடம் இருந்தது வால், சைஸ், புருவம், அலகு, 'டக்'. அது வழக்கமாக இங்கே வருகிற பிளித்துக்குப் போதும். அவ்வளவுதான் எழுத வேண்டும்.

எழுதினேன். டாக்குமென்டேஷன் செக்‌ஷன் அல்லவா, ஒழுங்காக டைப் செய்து, தேதி, நேரம், இடம் போட்டு: பிளித் நாணல் கதிர்க்குருவி - 1. எழுதுகிறபோது மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டன. தையல்சிட்டு - 2. சாதாக் கதிர்க்குருவி - 4. தாழைக்கோழி - 3. மொத்தம் பதினேழு வகை. தினமும் டிபன் பாக்ஸ் கழுவுகிற இடத்திலிருந்து பத்தடியில் பதினேழு வகை இருந்திருக்கிறது. ஆறு வருஷமாக நான் அதைப் 'புதர்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் பாலாற்று வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தோல் தொழிற்சாலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும், இயற்கைக்கு வந்த நஷ்டத்தைக் கணக்குப் பண்ணுங்கள் என்றது. 2025 ஜனவரி 30-ல் மறுபடி அதே கோர்ட், அதே வேலூர் விவகாரம், அதே பேச்சு. நஷ்டத்தைக் கணக்குப் பண்ணுவது எப்படி? போனது என்ன என்று தெரிய வேண்டுமென்றால், இருந்தது என்ன என்று யாராவது முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். வேலை செய்து சம்பளம் வாங்குவதும் அதே தொழிலில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் குரல் தாழ்த்தியே சொல்கிறேன்.

முதல் வாரம் சொன்ன மெஷின், மூன்றாவது வாரம் வந்தது. அதிகாரியும் வந்தார். பேப்பரை நீட்டினேன். பதினேழையும் விரல் வைத்துப் படித்தார்.

"பிளித்துனா?"

"ரஷ்யாவுலேர்ந்து வருது சார். ஏப்ரல்ல போயிடும்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து இந்தக் கால்வாய்க்கா?" என்று எட்டிப் பார்த்தார். பேப்பரை நாலாக மடிக்காமல், ஃபைலில் வைத்துக்கொண்டார். அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டு எதிர்க்கரையிலிருந்து மெஷினை இறக்கச் சொன்னார். நடுவில் அடைப்பை எடுத்தார்கள், எதிர்க்கரையை வழித்தார்கள், எங்கள் பக்கத்துப் புதரைத் தொடவில்லை. என் பேப்பரைப் பார்த்துத்தான் விட்டாரா, அல்லது எங்கள் சுவரோரம் ஜேசிபி திரும்ப இடமில்லாததாலா? நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்காமலிருப்பது டாக்குமென்டேஷனில் முதல் பாடம்.

மறுநாள் மத்தியானம். சாப்பாட்டு ரூம். மெஷின் போட்ட சத்தத்தில் ஓடிப்போயிருக்கும் என்றுதான் எனக்குப் பயம். வாட்சைப் பார்த்தேன். ஒரு மணி. ஒன்று ஐந்து. வழக்கமாக சீரியல் கதை பேசுகிறவர்கள்கூட ஏனோ அன்று பேசவில்லை. மெயின்டனன்ஸ் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

ஒன்று பத்து.

'டக்.'

அக்கவுன்ட்ஸ், தயிர் சாதத்திலிருந்து தலை தூக்காமல், "பிளித்து" என்றார்.